கனடாவில் கைத்தொலைபேசி ஒப்பந்தத்திலிருந்து இரத்துக் கட்டணமின்றி விலகுவது எப்படி?

கனடாவுக்கு வந்து சேர்ந்ததும் நம்மவர்கள் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் கைத்தொலைபேசி ஒப்பந்தமாகத்தான் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை நாலு பேரிடம் காட்டி விசாரித்த பிறகே ஒப்பமிடுகிறவர்கள்கூட, இதை மோல் நடுவே நின்றபடி ஒரு சிறிய திரையில் விரலால் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சேவை சரியில்லை என்றோ வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றோ விலக நினைக்கும்போதுதான் "இரத்துக் கட்டணம்" என்ற சொல் முதன்முறையாகக் காதில் விழுகிறது. எங்கள் குடும்பத்தின் ஒப்பந்தங்களை முடிக்க முயன்றபோது, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகையைச் சொன்னார்கள். விதிகளை நானே தேடி வாசித்த பின்னர்தான் கணக்கு நேரானது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கானது. "நிறுவனம் நிபந்தனைகளை மாற்றினால் அதைச் சாட்டாக வைத்து வெளியேறலாம்" என்பது போன்ற யோசனைகளை அப்படியே இங்கே பயன்படுத்த முனைந்தால் நேரம்தான் வீணாகும். கனடாவில் சி.ஆர்.ரி.சி. எனப்படும் தொலைத்தொடர்பு ஆணையத்தின் "வயர்லெஸ் கோட்" என்ற விதிக்கோவைதான் அடிப்படை. 2013 டிசம்பர் 2இல் நடைமுறைக்கு வந்த இந்த விதிக்கோவை, 2015 ஜூன் 3 முதல் எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொருந்துகிறது. 2017 டிசம்பர் 1இல் திருத்தப்பட்ட விதிகள் அமலுக்கு வந்தன. பெரிய நிறுவனம், அதன் துணைப் பெயரில் இயங்கும் மலிவு நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வேறுபாடு எதுவும் இதில் கிடையாது. மாதத் தொலைத்தொடர்புச் செலவு சராசரியாக 2,500 டொலருக்குக் குறைவாக உள்ள சிறு வணிகங்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

1. இரண்டு பக்கச் சுருக்கத்தைத் தேடி எடுங்கள்

நிறுவனத்தை அழைப்பதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆவணம் "கிரிற்றிக்கல் இன்ஃபர்மேஷன் சம்மரி" என்ற தலைப்பில் வரும் முக்கிய தகவல் சுருக்கம். இது இரண்டு பக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது விதி. நீண்ட ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் முதலில் இதைப் பாருங்கள். மாதக் கட்டணம், ஒப்பந்தக் காலம் முடியும் திகதி, முழு இரத்துக் கட்டணம் எவ்வளவு, அந்தத் தொகை மாதாமாதம் எவ்வளவு குறையும், எந்தத் திகதிக்குப் பிறகு எதுவும் கட்ட வேண்டியதில்லை ஆகிய அனைத்தும் இதில் இருக்க வேண்டும்.

கடையில் வைத்து ஒப்பமிட்டவர்களுக்கு இது பெரும்பாலும் மின்னஞ்சலில் வந்திருக்கும். விளம்பரக் கடிதங்கள் சேரும் பெட்டியிலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் இணையக் கணக்குக்குள் நுழைந்து ஒப்பந்தம், சுருக்கம், கடைசி ஆறு மாத பில்கள் ஆகியவற்றைத் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடப்பட்ட பின் அந்த இணையக் கணக்குக்குள் நுழைய முடியாமல் போவது வழக்கம். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அப்போது உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஆகவே விலகப் போவதாக நிறுவனத்துக்குச் சொல்வதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

2. கேட்கப்படும் தொகை எதனால் ஆனது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிறுவனம் ஒரே தொகையாகச் சொல்லும் "இரத்துக் கட்டணம்" என்பதற்குள் தண்டம் என்று ஒன்று இருக்கவே கூடாது. விதிக்கோவையின்படி, அனுமதிக்கப்பட்ட இரத்துக் கட்டணத்தைத் தவிர வேறெந்தக் கட்டணத்தையும் தண்டத்தையும் விலகுவதற்காக அறவிட முடியாது. அந்த அனுமதிக்கப்பட்ட தொகையோ உங்களுக்குத் தொலைபேசி எப்படித் தரப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

உங்கள் சொந்தத் தொலைபேசியில் சிம் மட்டும் வாங்கிப் போட்டு, மாதத்துக்கு மாதம் கட்டும் திட்டத்தில் இருந்தால் இரத்துக் கட்டணம் பூச்சியம். இதைப் பற்றி மேலும் பேச எதுவும் இல்லை. நேராக ஏழாவது படிக்குப் போங்கள்.

தொலைபேசி எதுவும் பெறாமல், ஆனால் ஓராண்டு அல்லது ஈராண்டு என்று காலம் குறித்து ஒப்பமிட்டிருந்தால், 50 டொலர் அல்லது எஞ்சிய மாதங்களுக்கான குறைந்தபட்ச மாதக் கட்டணங்களின் கூட்டுத்தொகையில் 10 வீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. மாதம் 60 டொலர் திட்டத்தில் ஐந்து மாதங்கள் எஞ்சியிருந்தால், 300 டொலரில் 10 வீதமான 30 டொலர்தான் உச்சவரம்பு. அதுவும் மாதாமாதம் குறைந்துவர வேண்டும்.

தொலைபேசியை விலை குறைத்தோ இலவசமாகவோ தந்து, அந்தச் சலுகையை மாதக் கட்டணத்தின் மூலம் மீட்டெடுக்கும் மானிய முறையில் பெற்றிருந்தால், இரத்துக் கட்டணம் அந்த மானியத்தின் பெறுமதியைத் தாண்டக் கூடாது. மாதாமாதம் சம அளவில் குறைந்து, அதிகபட்சம் 24 மாதங்களில் அது பூச்சியமாகிவிட வேண்டும். 960 டொலர் தொலைபேசியை 0 டொலருக்குப் பெற்றிருந்தால் மாதத்துக்கு 40 டொலர் குறையும். 15 மாதங்கள் முடிந்திருந்தால் எஞ்சுவது 360 டொலர். மானியத்தைக் கணக்கிடும்போது தொலைபேசியின் விலையாக எதை எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உற்பத்தியாளர் குறித்த சில்லறை விலை, ஒப்பந்தமில்லாமல் அதே நிறுவனத்திடம் வாங்கினால் கேட்கும் விலை, இவ்விரண்டில் குறைவானதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

இந்த முறையில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை உண்டு. ஒரு மாதத்தின் ஒரு பகுதி கழிந்திருந்தால், அந்த மாதம் முழுவதும் கழிந்ததாகவே கொள்ள வேண்டும். உங்கள் ஒப்பந்தம் ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி புரள்கிறது என்று வைத்துக்கொண்டால், 9ஆம் திகதி விலகுவதைவிட 11ஆம் திகதி விலகுவது இலாபம். இரண்டு நாள் பொறுத்ததற்காக மேற்கண்ட கணக்கில் 40 டொலர் குறைந்துவிடும். தொலைபேசியில் பேசும் ஊழியர் இதைத் தானாகச் சொல்லப்போவதில்லை.

இப்போது பெரும்பாலானோர் அகப்பட்டிருப்பது நாலாவது வகையில். 2019க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் தொலைபேசியின் விலையைத் தனியாகப் பிரித்து, வட்டியில்லாத் தவணையாக 24 மாதங்களுக்குக் கட்டும் முறைக்கு மாறிவிட்டன. பில்லில் சேவைக் கட்டணம் ஒரு வரியாகவும் தொலைபேசித் தவணை இன்னொரு வரியாகவும் வரும். "அண்ணை, இதுக்குக் கொன்ராக்ற் எண்டு ஒண்டும் இல்லை, எப்ப வேணுமெண்டாலும் விட்டிட்டுப் போகலாம்" என்று விற்பனை முகவர் சொல்வது இந்த முறையைத்தான். சேவையைப் பொறுத்தவரை அது உண்மை. சேவையை விட்ட உடனே தொலைபேசியின் எஞ்சிய தவணைகள் ஒட்டுமொத்தமாகக் கடைசி பில்லில் வந்து நிற்கும் என்ற மறுபாதியை அவர் சொல்வதில்லை. தவணை முறைக்கும் விதிக்கோவை பொருந்தும் என்று ஆணையம் 2021இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தவணை முறையில் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, மாதாந்தக் கழிவு. "இந்தத் தொலைபேசிக்கு 400 டொலர் தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு, அதை ஒரேயடியாகக் கழிக்காமல் 24 பங்காகப் பிரித்து ஒவ்வொரு பில்லிலும் கழித்துவருவார்கள்; இடையில் விலகினால் எஞ்சிய கழிவுகள் போய்விடும். ஆகவே நிலுவையைக் கேட்கும்போது "எஞ்சிய கழிவுகளை இழந்த பிறகு நான் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு" என்றே கேளுங்கள். மற்றது, 24 மாத முடிவில் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம். இதில் விலையின் ஒரு பகுதியை ஒத்திவைத்திருப்பார்கள். இடையில் விலகினால் எஞ்சிய தவணையோடு அந்த ஒத்திவைத்த தொகையையும் சேர்த்துக் கேட்பார்களா, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்து அதை மட்டும் தவிர்க்க முடியுமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடுவதால், அந்தப் பக்கத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

எனவே தவணை முறையில் இருப்பவர்கள் மனதில் கொள்ள வேண்டியது, உங்களிடம் கேட்கப்படுவது நீங்கள் கையில் வைத்திருக்கும் பொருளின் விலை என்பதுதான். பின்வரும் படிகளில் ஏதாவதொன்று உங்களுக்குப் பொருந்தினால் ஒழிய, அந்தத் தொகையை வாதாடிக் குறைக்க முயல்வதில் பயன் மிகக் குறைவு. அதற்கு மேல் ஒரு சதம் கேட்டாலும் விடக் கூடாது.

3. ஒப்பமிட்டு 15 நாட்கள் ஆகவில்லையா? உடனே செயற்படுங்கள்

இரத்துக் கட்டணம் உள்ள எந்த ஒப்பந்தத்துக்கும் குறைந்தது 15 நாட்கள் பரீட்சார்த்தக் காலம் உண்டு. அது சேவை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். வேலை நாட்கள் மட்டுமல்ல, சனி, ஞாயிறும் சேரும். உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு இது குறைந்தது 30 நாட்கள். இந்தக் காலத்துக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல், இரத்துக் கட்டணமின்றி விலகலாம். தொலைபேசி பெற்றிருந்தால் அதைப் புதிது போன்ற நிலையில், வந்த பெட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

இதற்கு ஒரு பயன்பாட்டு வரம்பையும் நிறுவனம் விதிக்கலாம். ஆனால் அந்த வரம்பு, உங்கள் மாத அளவில் பாதிக்குக் குறையக் கூடாது. 50 ஜிபி திட்டமென்றால் 25 ஜிபி வரை பயன்படுத்த இடம் தர வேண்டும். புது நாட்டுக்கு வந்தவர்கள் வீட்டில் இணையம் வரும்வரை ஊருக்கு நீண்ட வீடியோ அழைப்புகள் எடுப்பதால் இந்த வரம்பை இரண்டே நாட்களில் தாண்டிவிடுவதுண்டு. ஆகவே முதல் 15 நாட்களுக்குப் பெட்டியை வீசாமல், திரையில் கீறல் விழாமல், டேட்டாவை அளவோடு பயன்படுத்துங்கள். வீட்டின் நிலவறையிலும் வேலைத்தலத்திலும் சமிக்ஞை கிடைக்கிறதா என்று அந்த நாட்களுக்குள் சோதித்துப் பாருங்கள். பேஸ்மென்ற் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய அதே கடைக்குப் போவது நல்லது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. இலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டு கையில் கிடைக்கும்வரை கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

4. ஒப்பந்தப் பிரதி வந்ததா, பேசியதும் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள்

15 நாட்கள் கடந்தவர்களுக்கு இருக்கும் வலுவான வழி இதுதான். அதிகம் பேசப்படாத வழியும் இதுதான். ஒப்பந்தத்தின் நிரந்தரப் பிரதியை நிறுவனம் உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். கடையில் நேரில் ஒப்பமிட்டால் உடனடியாகவும், தொலைபேசியிலோ இணையத்திலோ உடன்பட்டிருந்தால் மின்னஞ்சல் பிரதியை ஒரு வேலை நாளுக்குள்ளும், கடதாசிப் பிரதியை 15 நாட்களுக்குள்ளும் தர வேண்டும். பிரதி காலத்துக்குள் வராவிட்டாலோ, வந்த பிரதியில் உள்ள நிபந்தனைகள் நீங்கள் உடன்பட்டவற்றுக்கு மாறாக இருந்தாலோ, பிரதி கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இரத்துக் கட்டணமோ வேறு தண்டமோ இல்லாமல் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பயன்பட்டது இந்த விதி. மாதக் கட்டணம் ஒன்றாகச் சொல்லப்பட்டு, மின்னஞ்சலில் வந்த பிரதியில் அது வேறாக இருந்தது. கடைக்காரர் கணக்கிட்டுக் காட்டிய தொகையைத் தன் கையாலேயே ஒரு விலைத்தாளின் பின்புறத்தில் எழுதித் தந்திருந்தார்; மாதக் கட்டணத்துக்குக் கீழே இரண்டு முறை கோடு இழுத்து, பக்கத்தில் "வரியுடன்" என்றும் குறித்திருந்தார். அந்தத் தாளின் படத்தை அனுப்பும்வரை "அப்படி எதுவும் பதிவில் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம், அனுப்பிய பின் அந்தப் பேச்சை விட்டது. ஆகவே கடையில் யாராவது விலையை எழுதிக் காட்டினால் அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எழுதாவிட்டால் எழுதித் தரும்படி கேளுங்கள். தொலைபேசியில் உடன்பட்டிருந்தால் திகதி, நேரம், ஊழியரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்க்கும்படி நிறுவனத்திடம் வேண்டலாம். நீங்களே பதிவு செய்ய விரும்பினாலும், உரையாடலில் ஒரு தரப்பாக இருப்பவர் அதைப் பதிவு செய்வதைக் கனடாவின் குற்றவியல் சட்டம் தடுக்கவில்லை.

இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் தொலைபேசியில் மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. எழுத்தில், அரட்டை வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ, எது சொல்லப்பட்டது, எது எழுதப்பட்டிருக்கிறது, பிரதி எந்தத் திகதியில் கிடைத்தது என்ற மூன்றையும் குறிப்பிட்டு, வயர்லெஸ் கோட் விதியின்படி கட்டணமின்றி விலகுவதாகத் தெரிவியுங்கள். 30 நாள் எல்லையைத் தாண்டினீர்களா இல்லையா என்ற கேள்வி பின்னர் எழுந்தால் அந்த எழுத்துதான் சாட்சி.

5. இடையில் கட்டணத்தை உயர்த்தினால்

ஒப்பந்தக் காலத்துக்குள், பில் பின்னர் வரும் திட்டங்களில், மாதக் கட்டணம், டேட்டா அளவு, அழைப்பு, குறுஞ்செய்தி போன்ற முக்கிய நிபந்தனைகளை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி மாற்ற முடியாது. அப்படி மாற்றினால் உங்கள் உரிமை பழைய நிபந்தனையே தொடர வேண்டும் என்று மறுப்பதுதான். அமெரிக்க ஆலோசனைகள் இங்கே பொருந்தாதது இந்த இடத்தில். ஆயினும் மறுத்த பின்பும் கூடிய கட்டணத்தையே பில்லில் போட்டுக்கொண்டிருந்தால் அது விதிமீறல். ஒன்பதாவது படியில் சொல்லும் முறைப்பாட்டில் கட்டணமின்றி விலக அனுமதிக்குமாறு கேட்பதற்கு அது நல்ல ஆதாரம்.

ரோமிங் கட்டணம், தனியாகச் சேர்த்த சேவைகள் போன்றவற்றை 30 நாள் முன்னறிவித்தலுடன் மாற்ற அவர்களுக்கு இடமுண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்து மாதத்துக்கு மாதம் ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்திலும் அப்படியே. ஆனால் அங்கே நீங்களும் எப்போது வேண்டுமானாலும் எதுவும் கட்டாமல் போகலாம்.

6. எந்த வாசலும் திறக்கவில்லை என்றால்

ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது பல நிறுவனங்களில் சாத்தியம். ஊரிலிருந்து புதிதாக வந்த மச்சானோ, பல்கலைக்கழகம் போகும் மருமகளோ அதைப் பொறுப்பேற்கத் தயாராக இருந்தால் உங்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லாமல் முடிந்துவிடும். பொறுப்பேற்பவரின் கடன் வரலாற்றை நிறுவனம் சோதிக்கும் என்பதால், நேற்று வந்தவருக்கு மாற்றும்போது மறுக்கப்படலாம், அல்லது வைப்புத்தொகை கேட்கப்படலாம். மாதாந்தக் கழிவுகள் புதியவருக்குத் தொடருமா என்பதைக் கேட்டு எழுத்தில் பெறாமல் மாற்றாதீர்கள். பிறகு உறவுக்குள் பிரச்சினையாகிவிடும்.

தொலைபேசித் தவணையை வைத்துக்கொண்டு சேவைத் திட்டத்தை மட்டும் மலிவானதுக்கு இறக்குவது இரண்டாவது வழி. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். சில கழிவுகள் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட திட்டங்களுக்கே கிடைக்கும் என்பதால், இறக்கினால் எது போகும் என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, பொறுத்திருப்பது. காலம் முடிவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்னரே நிறுவனம் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். நான்கைந்து மாதங்களே எஞ்சியிருந்தால் இப்போது கட்டும் நிலுவையையும், புதிய நிறுவனம் கேட்கும் தொடக்கக் கட்டணத்தையும், மாதம் மிச்சப்படும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பெரிய நிறுவனங்களில் தொடக்கக் கட்டணமே 70 டொலரும் அதற்கு மேலும் போகிறது. ஒன்ராறியோவில் 13 வீத வரி வேறு. மாதம் 15 டொலர் மிச்சம் பிடிப்பதற்காக அவசரப்பட்டு விலகினால், முதல் ஐந்தாறு மாத மிச்சம் தொடக்கக் கட்டணத்துக்கே சரியாகிவிடும்.

7. இலக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் இரத்துச் செய்யாதீர்கள்

பழைய சேவையை நிறுத்திவிட்டுப் புதிய இடத்துக்குப் போனால் உங்கள் இலக்கம் போய்விடும். வங்கி, குடிவரவுக் கணக்கு, பாடசாலை, மருத்துவர் என எல்லா இடத்திலும் கொடுத்த இலக்கம் அது. சரியான முறை, பழைய சேவை உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனத்துக்குப் போய் இலக்கத்தை மாற்றித் தரச் சொல்வது. அவர்கள் பழைய நிறுவனத்தின் கணக்கு இலக்கத்தையோ தொலைபேசியின் ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தையோ கேட்பார்கள், கணக்கு இலக்கம் பில்லிலும், ஐ.எம்.இ.ஐ. இலக்கம் *#06# என்று அழுத்தினாலும் கிடைக்கும். மாற்றக் கோரிக்கை போனதும் பழைய சிம்முக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதற்கு 90 நிமிடங்களுக்குள் ஆம் என்று பதில் அனுப்பினால்தான் மாற்றம் நடக்கும். எனவே பழைய சிம்மை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது.

இலக்கம் மாறியதும் பழைய சேவை தானாக முடிந்துவிடும். தனியாக அழைத்து இரத்துச் செய்யத் தேவையில்லை. அப்படி அழைப்பதால் குழப்பமே மிஞ்சும். உங்கள் தொலைபேசி வேறு நிறுவனத்தில் வேலை செய்யுமா என்ற பயமும் வேண்டாம். 2017 டிசம்பர் முதல் புதிய தொலைபேசிகளைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். பழையவற்றை இலவசமாகத் திறந்து தர வேண்டும்.

8. இலக்கம் வேண்டாம், சேவையை மட்டும் நிறுத்த வேண்டும் என்றால்

நீங்கள் அறிவித்த நாளிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். "30 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும்" என்று இன்றும் சில ஊழியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது செல்லாது. முற்பணமாகக் கட்டிய மாதத்தில் எஞ்சிய நாட்களுக்கான தொகையையும் திருப்பித் தர வேண்டும்.

அழைத்தால் உங்களைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே சில வேளைகளில் உண்மையிலேயே நல்ல விலை கிடைக்கும். கிடைத்தால் ஏற்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சலுகையோடு புதிய 24 மாத ஒப்பந்தம் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கேட்காமல் "சரி" என்று சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் வாய்ச் சம்மதமும் சம்மதம்தான். விலகுவதில் உறுதியாக இருந்தால் மூன்றே கேள்விகள் போதும்: இன்றைய திகதியில் நான் கட்ட வேண்டிய முழுத் தொகை எவ்வளவு, அதில் எது எதற்காக, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் எப்போது வரும். குறிப்பு இலக்கத்தை வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசச் சிரமப்படுகிறவர்களுக்கு எழுத்து அரட்டைதான் நல்லது. நிதானமாக வாசிக்கலாம், முடிவில் முழு உரையாடலையும் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும் என்பதால், பெற்றோருக்காக அழைக்கும் பிள்ளைகள் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. விதிக்கு மாறாகக் கட்டணம் போட்டால்

முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும்; மேலாளரிடம் மாற்றச் சொல்லி, அவர் மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு சி.சி.ரி.எஸ். எனப்படும் தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவைகளுக்கான முறைப்பாட்டு ஆணையத்துக்குப் போகலாம். சி.ஆர்.ரி.சி. விதிகளை வகுக்கும் இடம். தனிப்பட்டவரின் பில் பிரச்சினையைத் தீர்ப்பது சி.சி.ரி.எஸ். பலர் சி.ஆர்.ரி.சி.க்கு எழுதிவிட்டுக் காத்திருந்து காலத்தை இழக்கிறார்கள்.

சி.சி.ரி.எஸ். முறைப்பாட்டுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இணையப் படிவத்தை நிரப்பி, சுருக்கத்தின் பிரதி, பிரச்சினைக்குரிய பில், உரையாடல் பதிவுகள் ஆகியவற்றை இணைத்தால் போதும். ஆங்கிலமோ பிரெஞ்சோ வராதவர்கள் தமக்காகப் பேச இன்னொருவரை நியமிக்கலாம். முறைப்பாடு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதும் பதிலளிக்க அவர்களுக்கு 30 நாட்கள் உண்டு. இதுவரை கேட்ட குரல் மாறுவது இந்தக் கட்டத்தில்தான். முன்வரிசை ஊழியரிடம் மாதக்கணக்கில் நகராத விடயம், இதற்கென்றே உள்ள பிரிவின் கைக்குப் போனதும் நகரத் தொடங்கும். தீராவிட்டால் சி.சி.ரி.எஸ். விசாரிக்கும். 5,000 டொலர் வரை இழப்பீடு வழங்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

படிவத்தில் கோபத்தைக் கொட்டாமல், எந்தத் திகதியில் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதி, கடைசியில் என்ன தீர்வு வேண்டும் என்பதைத் தொகையோடு குறிப்பிடுங்கள். "360 டொலர் இரத்துக் கட்டணத்தை நீக்க வேண்டும்" என்பது ஒரு கோரிக்கை. "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து அவர்கள் எதையும் செய்ய முடியாது.

10. கடைசி பில்லும் வைப்புத்தொகையும்

விலகிய பின் ஒரு பில் நிச்சயம் வரும். அது வரும்வரை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள். வந்த பில் சரியென்றால் கட்டி முடித்து, அதன் பின்னர் நிறுத்துங்கள். தவறென்றால் சர்ச்சையில்லாத பகுதியைக் கட்டிவிட்டு மீதிக்கு முறையிடுங்கள். முழுவதையும் கட்டாமல் விட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போய், ஈக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய கடன் பதிவுகளில் சுமார் ஆறு ஆண்டுகள் தங்கிவிடும். வீடு வாடகைக்குத் தேடும்போது வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

கனடாவில் கடன் வரலாறு இல்லாத காரணத்தால் தொடக்கத்தில் உங்களிடம் வைப்புத்தொகை வாங்கியிருக்கலாம். கணக்கு மூடிய 30 நாட்களுக்குள், நீங்கள் கட்ட வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். இது தானாக வரும் என்று நம்பியிருக்காதீர்கள். முகவரி மாறியவர்களுக்குக் காசோலை பழைய வீட்டுக்குப் போய்விடுகிறது. விலகும் அன்றே இப்போதைய முகவரியைப் பதிவு செய்து, 30 நாட்கள் கடந்தும் வராவிட்டால் வைப்புத்தொகை கட்டிய பற்றுச்சீட்டோடு மீண்டும் எழுதுங்கள்.